சின்ன மீனுக்கு எதற்குப் பெரிய தொட்டி?

போன வைகாசியில் அண்ணன் மகனின் பிறந்தநாளுக்கு ஒரு கண்ணாடிக் குடுவை பரிசாக வந்தது. உள்ளே ஆறு நியான் டெட்ரா மீன்கள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலம்கூட இருக்காது. விலாவில் மின்னும் நீலக்கோடு, அதன் கீழே வால்வரை சிவப்பு. பையன் நான்கு நாள் குடுவையை விட்டு நகரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் நான் போனபோது ஆறு மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள்மூடி படபடவென்று அடித்தது. நீலக்கோடு சாம்பல் பூத்ததுபோல் மங்கிப் போயிருந்தது. தண்ணீர் மட்டும் பளிங்காகத் தெளிந்திருந்தது. தெளிவாகத்தானே இருக்கிறது என்றுதான் அதுவரை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள்.

மதினி பதறிப்போய்க் குடுவையைத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டார். மாலைக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பையன் செம்பருத்திச் செடியடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அன்றிரவு சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

மீன் வளர்க்க ராசி வேண்டும் என்றார் அப்பத்தா. சின்ன மீனுக்கு ஆயுள் அவ்வளவுதான் என்றார் எதிர்வீட்டுக்காரர். மீன் வைத்திருக்கும் பலரிடமும் இதே பேச்சைக் கேட்கிறேன், இரண்டும் உண்மையில்லை. பக்குவமான தொட்டியில் நியான் டெட்ரா மூன்று, நான்கு ஆண்டுகள் வாழும். அந்தக் குடுவையில் தண்ணீரை மாற்றாமல் விட்டதும் தவறு, ஒரே மூச்சில் முழுவதையும் மாற்றியதும் தவறு. இரண்டும் எப்படி ஒருசேரத் தவறாகும் என்பது புரிந்துவிட்டால் மீன் வளர்ப்பில் பாதி புரிந்துவிடும்.

கண்மாய்த் தண்ணீரை யார் மாற்றுகிறார்கள்?

மதுரையைச் சுற்றி எத்தனையோ கண்மாய்கள். மாடக்குளம் கண்மாயிலோ மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களிலோ யாரும் தண்ணீரை இறைத்துக் கொட்டிப் புதிதாக நிரப்புவதில்லை. மழையில் வந்த தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிறது. ஆனாலும் கோடையில் தண்ணீர் வற்றி மீன்பிடித் திருவிழா நடக்கும்போது, ஊத்தாக் கூடையைக் கவிழ்க்கும் இடமெல்லாம் கெண்டையும் கெளுத்தியும் விராலும் அகப்படுகின்றன. அத்தனை மீன்களின் கழிவும் அந்தத் தண்ணீரில்தானே கலந்தது?

வயலில் ஆட்டுக்கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் விடை பாதி தெரியும். இரவெல்லாம் ஆடுகள் அடைந்து கிடந்த நிலத்தில் விடியற்காலையில் மூத்திர நெடி மூக்கைத் துளைக்கும். சில வாரம் கழித்து அதே மண்ணில் பயிர் கருகருவென்று எழுந்து நிற்கும். இடையில் அந்த நெடியைப் பயிருக்கு உணவாக மாற்றியவை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள். கண்மாயின் சேற்றிலும் கல்லிலும் பாசியிலும் அதே வகை நுண்ணுயிர்கள் அதே வேலையைச் செய்கின்றன. கடையிலிருந்து அன்றைக்குத்தான் வந்த கண்ணாடிக் குடுவையில் அவை இல்லை.

அயிரை வியாபாரியின் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரில் அத்தனை மீன் துள்ளுகிறதே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அயிரையின் குடும்பத்து மீன்கள் சேற்றில் வாழப் பழகியவை. தண்ணீரில் மூச்சு முட்டினால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியாகவும் உயிர்க்காற்றை (ஆக்சிஜனை) எடுத்துக்கொள்ளும். அதுவும் அங்கே அவை இருக்கப்போவது அரைநாள்தான். நியான் டெட்ராவுக்கு அந்த வசதி கிடையாது.

செவுள் வழியே போகும் கழிவு

மீனின் கழிவு என்றால் அடியில் நூல்போல விழுவதையே எல்லோரும் நினைக்கிறோம். அது கண்ணுக்குத் தெரிகிற சிறுபகுதி. முக்கியமான கழிவு செவுள் வழியாகக் கரைந்து வெளியேறுகிறது. அதன் பெயர் அமோனியா: உண்ட புரதம் உடலில் செரித்த பிறகு மிஞ்சுகிற, நைட்ரஜன் கொண்ட நச்சுப்பொருள். கிடை மடக்கிய வயலிலும் கழுவாத கழிப்பறையிலும் வருகிற அந்த நெடி இதனுடையதுதான். குடுவையில் இருக்கும் அளவுக்கு நெடியும் வராது, நிறமும் தெரியாது. ஆகவே தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் அது மீனுக்கு ஏற்றதாக இருப்பதற்கும் தொடர்பே இல்லை.

அமோனியா கூடும்போது செவுள் எரிந்து புண்ணாகிறது. சுவாசிக்கும் உறுப்பே புண்ணானதால்தான் அந்த ஆறும் மேலே வந்து வாயைத் திறந்தன. மீந்த தீனி அழுகினால் அதிலிருந்தும் அமோனியா வரும். குழந்தைகள் ஆசையாகத் தூவும் ஒரு கைப்பிடித் தீனி குடுவைக்குள் எவ்வளவு சேர்க்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கேதான் தொட்டியின் அளவு வருகிறது. அந்தக் குடுவை பிடித்தது நான்கு லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியோ விளிம்புவரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். சொம்புத் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பு போடுவதற்கும் அண்டாத் தண்ணீரில் போடுவதற்கும் உள்ள வேறுபாடு. மீன் சின்னதாக இருந்தாலும் கழிவு நின்றபாடில்லை, குறைந்த தண்ணீர் அதைத் தாங்குவதும் இல்லை.

சுருக்கமாக: மீன் மூச்சு விடும்போதே நஞ்சும் வெளியேறுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் குறையக் குறைய நஞ்சின் செறிவு கூடும்.

உறைமோர் விடுவது போல

அந்த நஞ்சைத் தின்று வாழும் நுண்ணுயிர்களில் இரண்டு வகுப்பு உண்டு. முதல் வகுப்பு அமோனியாவை எடுத்துக்கொண்டு நைட்ரைட் என்ற பொருளை விடுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தத்தில் கலந்து, உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். இரத்தமே பழுப்பாகிப் போகும். இரண்டாம் வகுப்பு அந்த நைட்ரைட்டை எடுத்துக்கொண்டு நைட்ரேட்டை விடுகிறது. நைட்ரேட் பயிர் தின்னும் உரம். மிக அதிகமாகச் சேர்ந்தாலொழிய மீனுக்குத் தொல்லையில்லை. தொட்டியில் செடி இருந்தால் அது கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியைக் குறைக்கத்தான் வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றுகிறோம்.

இந்த இரண்டு வகுப்பும் போதிய அளவு பெருகி நிலைத்துவிட்ட தொட்டியைத்தான் பக்குவமான தொட்டி என்கிறேன்.

பாலில் உறைமோர் விட்டால் இரவு கழிந்ததும் தயிராகிவிடுகிறது. மோரில் இருக்கும் நுண்ணுயிர்கள் அவ்வளவு வேகமாகப் பெருகுபவை. அமோனியா தின்னும் நுண்ணுயிர்களோ மிக நிதானம். ஒன்று இரண்டாவதற்கே அரைநாள், ஒருநாள்கூட ஆகும். ஆகவே புதுத்தொட்டி பக்குவமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அவசரப்பட்டுப் பயனில்லை. பாலைக் கிண்டிக்கொண்டே இருந்தால் தயிர் உறையுமா?

உறைமோருக்கும் இதற்கும் இன்னொரு வேறுபாடு உண்டு, பலரும் சறுக்குவது அங்கேதான். தயிரில் நுண்ணுயிர் பால் முழுக்கப் பரவியிருக்கும். தொட்டியில் அப்படியில்லை. அவை தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பாஞ்ச் ஃபில்டரின் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஏர் பம்ப் ஊதும் காற்று தண்ணீரை அந்தப் பஞ்சுக்குள் இழுத்துச் செல்கிறது. அதனால்தான் கொஞ்சம் தண்ணீரை மாற்றினாலும் பக்குவம் கெடுவதில்லை. கெடுப்பது பஞ்சையும் கல்லையும் வெளியே எடுத்துக் குழாயடியில் அலசுவது. குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லச் சேர்த்த குளோரின் இந்த நுண்ணுயிரையும் சேர்த்தே கொல்லும். மீனின் செவுளையும் சுடும். என் மதினி செய்ததும் இதுதான். அவர்மேல் குறையில்லை, பாத்திரத்தைப் பளிச்சென்று வைக்கப் பழகிய கை. மீன்தொட்டியில் மட்டும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பஞ்சு மிகவும் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை பிழிந்துவிட்டுத் திரும்ப வைத்தால் போதும். பழுப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

மின்தடை நாளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் நிற்கும் நாளில், காற்று நின்றுபோன பஞ்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் உயிர்க்காற்று இல்லாமல் மடியத் தொடங்கும். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

சுருக்கமாக: அமோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகிறது. அதைச் செய்பவை பஞ்சில் குடியிருக்கின்றன. அவை பெருக வாரங்கள் ஆகும், அழிய ஒருநாள் போதும்.

நம் ஊர்த் தண்ணீரும் வெயிலும்

ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும். நம் பகுதியில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கூடியதாக இருக்கிறது. வாளியின் உட்புறத்திலும் குழாயின் வாயிலும் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பே அதற்குச் சாட்சி. அத்தகைய தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மையுள்ளது. காரமா அமிலமா என்பதை அளக்கும் எண்ணுக்குப் பிஎச் என்று பெயர். 7 நடுநிலை, அதற்கு மேலே காரம், கீழே அமிலம்.

இந்த எண்ணை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவில் கிடக்கிறது. ஒன்று மிகக் கொடியது, மற்றது சாது. பிஎச்சும் வெப்பமும் ஏற ஏறச் சாதுவில் கூடுதல் பங்கு கொடியதாக மாறும். தண்ணீர் 30 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிஎச் 7 என்றால் நூறில் ஒரு பங்குகூடக் கொடிய வடிவில் இராது. பிஎச் 8 என்றால் நூறில் ஏழு பங்குக்கு மேல் கொடியதாகிவிடும். அதே அளவு கழிவு, ஏறக்குறைய பத்து மடங்கு நஞ்சு. சுண்ணாம்பு குறைந்த, மென்மையான தண்ணீருள்ள ஊர்க்காரர் ஒருவர் குடுவையில் மீன் வைத்துத் தப்பித்துவிடலாம். அவர் சொல்லும் யோசனை மதுரையின் சித்திரை வெயிலில் உதவாது.

வெயிலால் இன்னொரு தொல்லையும் உண்டு. 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் உயிர்க்காற்றைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். வெப்பத்தில் மீனுக்குத் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. ஏப்ரல், மே மாதங்களில் தொட்டியின் மேல்மட்டத்தில் சிறிய மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வழியில் இரண்டு டிகிரி குறையும். தண்ணீர் வேகமாக ஆவியாகும், அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

இதனால்தான் மதுரையில் முதல்முறை வளர்ப்பவர்களுக்கு நியான் டெட்ராவை நான் சொல்வதில்லை. அதன் பூர்வீகம் அமேசானின் மேற்பகுதி. காட்டு மரநிழலில் ஓடும், இலை ஊறிப் பழுப்பேறிய, மென்மையான அமிலத் தண்ணீர் அதன் வீடு. 25 டிகிரிக்குள் இருந்தால் சுகமாக இருக்கும். அது கடையில் மின்னுவதைப் பார்த்து மனம் இளகும்தான். ஆனால் மே மாதத்து மொட்டைமாடிச் சூடு இறங்கும் அறையில் அதைக் கொண்டுவந்து வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை.

மாற்றாக ஜீப்ரா டேனியோ இருக்கிறது. இந்தியா, நேபாளம், வங்கதேசத்து ஓடைகளிலும் நெல்வயல்களிலும் வாழ்வது. கங்கைப் பகுதியின் மீன்களைப் பற்றி எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன் 1822ஆம் ஆண்டிலேயே இதை விவரித்திருக்கிறார். இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் மரபியல் ஆராய்ச்சிக்காக வளர்க்கப்படும் மீனும் இதுவே. அங்கே இதை வைத்திருக்கும் வழக்கமான வெப்பம் 28.5 டிகிரி. உப்பு கொஞ்சம் கூடிய தண்ணீரையும் இது தாங்கும். உடல் நெடுகப் பொன்னும் நீலமுமாகக் கோடுகள் ஓடும். விலை மலிவு என்பதால் இதைக் கடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காலை வெயில் சாய்வாகத் தொட்டியில் விழும்போது பார்த்தவர்கள் அப்படிக் கடந்துபோக மாட்டார்கள்.

பத்து சேர்ந்தால்தான் ஒன்று

ஜோடியாக வாங்கினால் போதும் என்பது அடுத்த தவறான எண்ணம். புறாவுக்கும் கிளிக்கும் பொருந்துவதை இந்த மீன்களுக்கும் பொருத்திவிடுகிறார்கள்.

கிடையிலிருந்து பிரிந்த ஆடு எப்படிக் கத்தும் என்று கேட்டிருப்பீர்கள். மேய நல்ல புல் இருந்தாலும் மேயாது. தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். மீன் கத்தாது, அவ்வளவுதான் வேறுபாடு. தனியாகவோ இரண்டாகவோ விடப்பட்ட டேனியோ செடிக்குப் பின்னால் ஒதுங்கும், நிறம் மங்கும், தீனியைத் தயங்கித் தயங்கி எடுக்கும். இரண்டே இருந்தால் வலியது மெலியதை விடாமல் துரத்திக்கொண்டே இருக்கும். பத்தாக இருந்தால் துரத்தல் பத்துப் பேரிடம் பங்காகிப் போகும், யாருக்கும் அடி விழாது.

கூட்டம் எதற்கு என்று தெரிய ஒரு சோதனை சொல்கிறேன். பன்னிரண்டு டேனியோ உள்ள தொட்டியில் ஒன்றை மட்டும் குறிவைத்துக் கண்ணாலேயே தொடர்ந்து பாருங்கள். இடது ஓரத்தில் வால் சற்று கிழிந்த ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று எண்ணுவதற்குள் அது இன்னொன்றின் பின்னால் போகும், கோடுகள் கோடுகளோடு கலக்கும், உங்கள் கண் வேறொரு மீனுக்குத் தாவியிருக்கும். பிடிக்க வரும் பெரிய மீனுக்கும் மீன்கொத்திக்கும் இதுதான் நேர்கிறது. கூட்டம் அவற்றுக்கு அரண்.

மோதிக்கொள்ளாமல் ஒருசேரத் திரும்புவது கண்ணால் மட்டும் நடப்பதில்லை. மீனின் விலாவில் தலையிலிருந்து வால்வரை பக்கக்கோடு என்ற உணர்வு உறுப்பு ஓடுகிறது. அண்டை மீன் துடுப்பை அசைத்தால் தண்ணீரில் எழும் சிறு அலையைக்கூட அது உணரும். சாலையோரம் நிற்கும்போது பஸ் கடந்துபோவது முதுகில் படும் காற்றிலேயே நமக்குத் தெரிகிறதல்லவா, அதன் நுட்பமான வடிவம்.

நெருக்கமாக அணிவகுத்து நீந்தினால்தான் மீன் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். டேனியோவும் டெட்ராவும் பயந்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பயம் தெளிந்தால் தளர்ந்து, தொட்டி முழுக்கப் பரவி, ஒன்றையொன்று பார்வையில் வைத்துக்கொண்டு அதனதன் வேலையைப் பார்க்கும். உங்கள் மீன்கள் எப்போதும் ஒரே மூலையில் திரண்டு நின்றால் அழகென்று விட்டுவிடாதீர்கள். தண்ணீரைச் சோதியுங்கள், அல்லது தொட்டிக்கு முன்னால் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

சுருக்கமாக: ஆறுக்குக் குறைந்தால் கூட்டமாகாது, பத்துக்கு மேல் நல்லது. ஒரு மீனை அல்ல, ஒரு கூட்டத்தை வாங்குகிறீர்கள். அந்தக் கூட்டம் நீந்தவும் அதன் கழிவைத் தாங்கவும் இரண்டடித் தொட்டி வேண்டியிருக்கிறது.

தொடங்கும்போது

தொட்டியை முதலில் வாங்குங்கள், மீனைக் கடைசியில். நேரடி வெயில் படாத இடம், சமமான உறுதியான மேசை. தண்ணீரோடு சேர்ந்தால் தொட்டியின் எடை 60 கிலோவைத் தாண்டும். மேலே மூடி கட்டாயம். டேனியோ துள்ளிக் குதிக்கும். குழாய்த் தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் மீன் கடைகளில் விற்கும் ஆன்டி குளோரின் சில சொட்டு போதும். ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகைத் தீனி போடுங்கள். அது அழுகி அமோனியாவாகி நுண்ணுயிர்களுக்கு இரையாகும். அமோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அமோனியா ஏறி இறங்கும், பின்னாலேயே நைட்ரைட் ஏறி இறங்கும். தீனி போட்டும் இரண்டும் பூஜ்யத்தில் நின்றால் தொட்டி பக்குவமாகிவிட்டது. பிறகு ஆறு மீன், இரண்டு வாரம் கழித்து இன்னும் ஆறு. பையோடு தொட்டியில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைப் பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கிய பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். தீனி நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வளர்க்க முடியாமல் போனால் வேறொருவருக்குக் கொடுங்கள், கண்மாயிலோ வைகையிலோ விடாதீர்கள்.

காத்திருக்கும் வாரங்களைக் குறைக்க ஒரு வழி உண்டு, உறைமோர்தான் அது. நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிய பஞ்சைப் புதுத்தொட்டியின் ஃபில்டரில் வைத்தால் நுண்ணுயிர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கும். ஆறு வாரம் இரண்டு, மூன்று வாரமாகக் குறையலாம். அப்போதும் சோதனைப் பெட்டி சொல்வதையே கேளுங்கள்.

அண்ணன் மகன் ஆடி மாதம் முழுக்க வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நோட்டுப் புத்தகத்தில் நாள்போட்டு, சோதனைக் குழாயின் நிறத்தை வண்ணப் பென்சிலால் தீட்டி வைத்திருக்கிறான். பச்சையிலிருந்து மஞ்சள்வரை ஒரு பக்கம் முழுக்க. ஆவணியில் ஆறு டேனியோ வந்தன, பிறகு இன்னும் ஆறு. இப்போது அந்தத் தொட்டியில் கூடுதலாக ஒரு பஞ்சு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. தெருவில் யாராவது தொட்டி வைக்கப்போவதாகச் சொன்னால் தொட்டித் தண்ணீரோடு ஒரு டப்பாவில் போட்டுக் கொடுப்பான். வெயில் படாமல் கொண்டுபோய்க் காய்வதற்குள் ஃபில்டரில் வைத்துவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொல்வான்.